வேல்ஸ் குடும்பப்பெயர் ஒன்றின் வேரையும் பயணத்தையும் தேடுவது எப்படி: ‘பியூ’ என்ற பெயரை வைத்து ஒரு வழிகாட்டி

வேல்ஸ் பெயரைத் தேடத் தொடங்குபவர்கள் பலர் முதல் நாளே தவறான கேள்வியோடு தொடங்குகிறார்கள். “இந்தப் பெயர் எந்த ஊரில், எந்த மூதாதையரிடம் தோன்றியது?” என்ற கேள்விக்கு வேல்ஸில் ஒரே பதில் கிடையாது. ‘பியூ’ (Pugh) என்றால் ‘ஹியூவின் (Hugh) மகன்’. ஹியூ என்ற பெயரில் எத்தனை தகப்பன்மார் இருந்தார்களோ, அத்தனை இடங்களில் அந்தப் பெயர் தனித்தனியாகத் தோன்றியிருக்கலாம். ஒரு பண்ணையில் பியூ என்றும் பக்கத்துப் பண்ணையில் பியூ என்றும் இருவர் இருந்தால், அவர்கள் உறவினர்களாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

சரியான கேள்வி இதுதான்: உங்கள் குடும்பத்தில் அந்தப் பெயர் எந்தத் தலைமுறையில், எந்தப் பண்ணையில் மாறாமல் உறைந்தது? அதைக் கண்டுபிடித்துவிட்டால் பெயரின் பிறப்பு கையில் இருக்கிறது. அதற்குப் பிந்தியது முழுக்க இடப்பெயர்வின் கதை. அதற்கு முந்தியதைத் தேட வேறு முறை வேண்டும்.

முதலில் பெயரைப் பிரித்துப் பாருங்கள்

வேல்ஸ் மொழியில் மகனைக் குறிக்கும் சொல் ‘மாப்’. பெயர்களின் நடுவே அது ‘ஆப்’ ஆகும். உயிரெழுத்துக்கு முன்னால் ‘ஆப்’ இன் கடைசி ஒலி மெலிந்து ‘ஆபு’ என்பதுபோல ஒலிக்கும். வேகமாகச் சொல்லும்போது முன்னால் உள்ள ‘ஆ’ உதிர்ந்து, மிஞ்சும் மெய்யெழுத்து அப்பாவின் பெயரோடு ஒட்டிக்கொள்ளும். ஆங்கில எழுத்தில் P அல்லது B-யில் தொடங்கும் பல வேல்ஸ் பெயர்கள் இப்படி வந்தவை. ஆப் ஹியூ, பியூ ஆனது. ஆப் ரீஸ், ப்ரைஸ் ஆனது. ஆப் ஹவெல் பவல் ஆகவும், ஆப் ரிச்சர்ட் ப்ரிச்சர்ட் ஆகவும், ஆப் ஹாரி பாரி ஆகவும், ஆப் ராபர்ட் ப்ராபர்ட் ஆகவும் மாறின. உயிரெழுத்தில் தொடங்கும் பெயர்களோடு சேர்ந்தவை போவன் (ஓவென்), பெவன் (எவன்), பைனன் (ஐனியன்).

இன்னொரு வகை ஆங்கில முறையில் கடைசியில் ‘ஸ்’ சேர்த்தது: ஜோன்ஸ், எவன்ஸ், டேவிஸ், வில்லியம்ஸ், ஹியூஸ். மூன்றாவது வகை பட்டப்பெயர். சிவந்த முடிக்காரருக்கு ‘கோஹ்’, அதிலிருந்து காஃப். நரைத்தவர் அல்லது பழுப்பு நிறத்தவருக்கு ‘த்லுயிட்’, அதிலிருந்து லாயிட். வெளுத்தவர் வின். அப்பாவுக்கும் மகனுக்கும் ஒரே பெயர் இருந்தபோது இளையவருக்கு ‘வஹான்’ என்று சேர்த்தார்கள். அது வான் ஆனது. ஆங்கிலம் பேசுபவருக்கு ‘சைஸ்’, அது சேஸ் ஆனது. மாஸ்டின் போல இடத்திலிருந்து வந்தவை மிகக் குறைவு, பெரும்பாலும் நிலக்கிழார் குடும்பங்களுடையவை.

பிரித்துப் பார்ப்பது சொல்லாராய்ச்சிக்காக மட்டும் அல்ல. எந்த எழுத்துக் கூட்டலையெல்லாம் தேட வேண்டும் என்று அதுதான் சொல்லும். பியூவை பதிவேடுகளில் நான்கைந்து விதமாக எழுதியிருப்பார்கள்: கடைசியில் ‘ஜிஎச்’ போட்டு, அதன்பின் ஓர் ‘இ’ சேர்த்து, ‘பி இ டபிள்யூ’ என்று, ‘பி யு இ’ என்று. அதைவிட முக்கியம், அதே ஆள் வேறொரு பதிவேட்டில் ‘ஹியூஸ்’ ஆகவோ வெறும் ‘ஹியூ’ ஆகவோ இருப்பார். பியூவும் ஹியூஸும் ஒரே பொருள்தான்; எழுதிய பாதிரியாரின் கை எந்தப் பக்கம் சாய்ந்ததோ அந்த வடிவம் விழுந்தது. ஒரே வயிற்றுப் பிள்ளைகளில் ஒருவர் பியூ என்றும் இன்னொருவர் ஹியூஸ் என்றும் நிலைத்ததும் உண்டு. எனவே தேடும்போது எல்லாவற்றையும் சேர்த்தே தேடுங்கள்.

ஒன்றை எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். ‘ஸ்’ வகைப் பெயர்கள் வேல்ஸுக்கு மட்டும் உரியவை அல்ல. ஜோன்ஸ் இங்கிலாந்திலும் பிறந்தது. ஹியூஸ் என்பது அயர்லாந்தின் ‘ஓ ஹே’ என்ற பெயரின் ஆங்கில வடிவமாகவும் வந்திருக்கிறது. அமெரிக்காவில் அடிமைகளாக இருந்தவர்களும் அவர்களின் வழிவந்தவர்களும் இந்தப் பெயர்களைத் தாங்கியிருப்பது ரத்த உறவைக் காட்டாது. ‘ஆப்’ ஒட்டிய பெயர்கள் இந்த விஷயத்தில் நம்பகமானவை. பியூ என்றால் வேல்ஸ்தான் என்று பெரும்பாலும் துணிந்து சொல்லலாம்.

பெயர் எப்போது உறைந்தது

1536, 1543ஆம் ஆண்டுச் சட்டங்கள் வேல்ஸை இங்கிலாந்தின் சட்ட அமைப்போடு இணைத்தன. நீதிமன்ற மொழி ஆங்கிலம் ஆனது. அதற்கு முன்பே எல்லையோரத்திலும் பெரிய குடும்பங்களிலும் நிலையான பெயர் பழக்கத்துக்கு வந்துகொண்டிருந்தது. அது கிழக்கிலிருந்து மேற்காகவும், பணக்காரரிடமிருந்து எளியவரிடமும் மெல்ல இறங்கியது. வடமேற்கிலும் மலைப்பகுதிகளிலும் சாதாரணக் குடும்பங்கள் 18ஆம் நூற்றாண்டின் இறுதிவரை, சில இடங்களில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை, தகப்பன் பெயரையே தலைமுறைக்குத் தலைமுறை மாற்றி எழுதின.

இங்கேதான் பலர் விழுகிறார்கள். பதிவேட்டில் ‘பியூ’ என்று பார்த்ததும் அது குடும்பப்பெயர் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். எழுத்தில் ‘ஆப்’ ஒட்டிக்கொண்ட பிறகும் அது பல தலைமுறைகளுக்கு வெறும் தகப்பன் பெயராகவே இருந்தது. ஒரு சங்கிலியை வரைந்து காட்டுகிறோம். ஹியூவின் மகன் ரீஸ். அவர் ‘ரீஸ் பியூ’. ரீஸின் மூத்த மகனுக்குத் தாத்தா பெயர் வைப்பார்கள். அவர் ‘ஹியூ ரீஸ்’. அவருடைய மூத்த மகனுக்கு மறுபடியும் தாத்தா பெயர். அவர் ‘ரீஸ் பியூ’. ஒன்று விட்டு ஒரு தலைமுறையில் அதே முழுப்பெயர் திரும்பி வருகிறது. 1720இல் ஒரு ரீஸ் பியூவும் 1780இல் ஒரு ரீஸ் பியூவும் கிடைத்தால், நடுவில் இருக்கும் ஹியூ ரீஸைத் தெரியாதவர்கள் முதலாமவரை இரண்டாமவரின் தகப்பன் ஆக்கிவிடுவார்கள். அல்லது நடுவில் ஒரு பியூவைத் தேடித் தேடிக் களைத்து, பதிவேடு தொலைந்துவிட்டது என்று எழுதிவிடுவார்கள். பதிவேடு அங்கேயே இருக்கிறது. அவர் வேறு பெயரில் இருக்கிறார், அவ்வளவுதான்.

உறைந்ததா என்று பார்க்கும் சோதனை எளிது. தகப்பனின் முதற்பெயர் ஹியூ அல்லாதபோதும் பிள்ளைக்கு பியூ என்று எழுதியிருக்கிறதா? அப்படியென்றால் அங்கே பெயர் உறைந்துவிட்டது. அந்தத் தகப்பனின் தகப்பன் பெயர் ஹியூவா என்று அடுத்துப் பாருங்கள். ஆம் என்றால் உங்கள் பெயரின் மூலவரைப் பிடித்துவிட்டீர்கள். ஒரே பிள்ளையை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். உடன்பிறந்த எல்லோருடைய பதிவுகளையும் எடுத்துப் பாருங்கள். மூத்தவருக்குப் பழைய முறைப்படியும் கடைசிப் பிள்ளைக்குப் புதிய முறைப்படியும் எழுதியிருந்தால், உறைவது கண்முன்னே நடக்கிறது.

பின்னோக்கி நடப்பது

ஒரு தாளில் ஆறு பத்திகள் போட்டுக்கொள்ளுங்கள்: தேதி, பெயர் (பதிவில் உள்ளபடியே, திருத்தாமல்), தகப்பன் பெயர், பண்ணை அல்லது வீட்டின் பெயர், பங்கு (ஒரு கிறிஸ்தவக் கோயிலின் கீழ் வரும் ஊர்ப்பகுதி), எந்தப் பதிவேடு. நான்காவது பத்திதான் உயிர். ஒரு பங்கில் ஐந்து ஹியூ பியூக்கள் இருக்கலாம். ஒரே பண்ணையில் ஐந்து பேர் இருக்க மாட்டார்கள். ஊராரே ஆட்களைப் பண்ணைப் பெயரால்தான் பிரித்தறிந்தார்கள்.

1837 ஜூலை 1 முதல் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் அரசுப் பதிவு இருக்கிறது. பழைய காலாண்டு அட்டவணையில் பிறப்புக்குத் தாயின் கன்னிப்பெயர் 1911 செப்டம்பர் காலாண்டிலிருந்துதான் வரும். திருமணத்துக்குத் துணையின் பெயர் 1912 மார்ச் காலாண்டிலிருந்து. ஆனால் பொதுப் பதிவாளர் அலுவலகத்தின் இணைய அட்டவணையில் தாயின் கன்னிப்பெயர் 1837 முதலே சேர்க்கப்பட்டிருக்கிறது. வேல்ஸ் தேடலில் இது பெரும் வரம். ‘பியூ, தாய் ஜோன்ஸ்’ என்று தேடினால் கூட்டம் குறையாது; ‘பியூ, தாய் பைனன்’ போன்ற அரிய சேர்க்கை இருந்தால் ஒரே நாளில் குடும்பம் முழுவதும் கிடைத்துவிடும். உங்கள் நேர்மூதாதையர் பெயர் ஜான் என்றால் அவரை விட்டுவிட்டு, அரிய பெயர் கொண்ட அவருடைய தம்பியையோ தங்கையையோ துரத்துங்கள்.

பதிவு மாவட்டம் வேறு, கவுண்டி (பழைய நிர்வாகப் பிரிவு) வேறு என்பதையும் மறக்கக் கூடாது. மகன்த்லெத் பதிவு மாவட்டம் மான்ட்கோமரிஷயர், மெரியோனெத், கார்டிகன்ஷயர் மூன்றின் பகுதிகளையும் உள்ளடக்கியது. பியூக்கள் அடர்ந்திருந்த நிலப்பரப்பும் ஏறக்குறைய அதுதான். பழைய 13 கவுண்டிகளின் வரைபடத்தை வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். 1974க்குப் பிறகு வந்த க்வினெத், பவிஸ், டவெட் எல்லைகளை வைத்துப் பழைய பதிவைத் தேடினால் தவறான ஆவணக் காப்பகத்தின் கதவைத் தட்டிக்கொண்டிருப்பீர்கள்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 1841இல் 15 வயதுக்கு மேற்பட்டோரின் வயதைப் பொதுவாக ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதினார்கள். பிறந்த பங்கின் பெயர் 1851இலிருந்துதான். அதையும் கண்ணை மூடி நம்ப வேண்டாம். ‘த்லான்விஹாங்கெல்’ என்ற பெயரில் வேல்ஸ் முழுக்கப் பல பங்குகள் உண்டு. 1891 முதல் மொழி பற்றிய கேள்வி இருக்கிறது: வேல்ஸ் மட்டும், ஆங்கிலம் மட்டும், இரண்டும். குடும்பம் வெளியூர் போகும்போது மொழி எந்தத் தலைமுறையில் கைநழுவியது என்று அதில் தெரியும்.

1837க்கு முன்னால் பங்குப் பதிவேடுகள். 1538இல் உத்தரவு பிறந்தாலும் வேல்ஸில் அவ்வளவு பழையவை மிஞ்சியிருப்பது அபூர்வம். பல பங்குகளில் 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்துதான் ஓரளவு தொடர்ச்சி கிடைக்கும். பதிவேடு எரிந்தோ நனைந்தோ போயிருந்தால், ஆயருக்கு ஆண்டுதோறும் அனுப்பிய பிரதிகளைப் பாருங்கள். அவை பெரும்பாலும் 1660களிலிருந்து இருக்கின்றன. 1733க்கு முன் பல இடங்களில் லத்தீனில் எழுதியிருப்பார்கள்: ஹியூ ‘ஹூகோ’ ஆவார், லூயிஸ் ‘லூடோவிகஸ்’ ஆவார், க்ரிஃபித் ‘க்ரிஃபினஸ்’ ஆவார். 1752க்கு முன் ஆண்டு மார்ச் 25இல் தொடங்கியது. 1740 பிப்ரவரி என்று எழுதியிருந்தால் நம் கணக்கில் அது 1741.

பெண்கள் விஷயத்தில் இரட்டைக் கவனம் வேண்டும். வேல்ஸில் மனைவி தன் தகப்பன் பெயரையே வைத்துக்கொள்வது நீண்டகால வழக்கம். ஹியூவின் மனைவி ‘க்வென் ரீஸ்’ என்று புதைக்கப்பட்டிருப்பார். வடமேற்கில் 19ஆம் நூற்றாண்டுக் கல்லறைகளிலும் இதைக் காணலாம். அவரை பியூ என்று தேடினால் சாகாமலே இருப்பார். பெயர்களும் இரு மொழியில் புரளும்: லௌரி லாராவாக, ஷான் ஜேனாக, க்வென் வினிஃப்ரெட்டாக, த்லவெலின் லூயிஸாக எழுதப்படுவார்கள்.

1754 முதல் 1837 வரை க்வேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினரும் யூதர்களும் தவிர எல்லோரும் அரசுத் திருச்சபையான ஆங்கிலிக்கன் கோயிலில்தான் திருமணம் செய்ய வேண்டியிருந்தது. எனவே தீவிரமான மெதடிஸ்ட் அல்லது பாப்டிஸ்ட் குடும்பமானாலும் அந்தக் காலத் திருமணத்தைப் பங்குக் கோயிலில் தேடுங்கள். பிள்ளைகளின் ஞானஸ்நானம் சேப்பல் (அந்தப் பிரிவினரின் வழிபாட்டு இல்லம்) பதிவேட்டில் இருக்கலாம். 1837க்குப் பின் அரசு திரட்டிய சேப்பல் பதிவேடுகள் லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன.

உயில்தான் சாவி

உறைந்த தலைமுறையைக் காட்டுவதில் உயிலுக்கு நிகர் எதுவும் இல்லை. 1858க்கு முன் வேல்ஸ் திருச்சபை நீதிமன்றங்களில் ஏற்கப்பட்ட உயில்கள் 1,90,000க்கு மேல், அபெரிஸ்ட்வித் நகரிலுள்ள வேல்ஸ் தேசிய நூலகத்தில் இருக்கின்றன. நூலகத் தளத்தில் இலவசமாகவே படமாகப் பார்க்கலாம்.

எப்படிப் படிப்பது என்று பாருங்கள். ரீஸ் பியூ என்பவர் உயில் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். “என் மூத்த மகன் ஹியூ ரீஸுக்குக் கறுப்புப் பசு, என் மகன் எவன் ரீஸுக்கு இரண்டு ஆட்டுக்கடா, என் மகள் லௌரி ரீஸுக்குப் படுக்கையும் செப்புப் பானையும்” என்று வருகிறது. இங்கே பெயர் இன்னும் உறையவில்லை: பியூவின் பிள்ளைகள் ரீஸ். அதே இடத்தில் “என் மகன் எவன் பியூ” என்று இருந்தால் உறைந்துவிட்டது. ஒரு வரியில் தலைமுறை திரும்பும் இடம் தெரிகிறது. ஞானஸ்நானப் பதிவில் இது பல நேரம் தெரியாது, ஏனெனில் அங்கே பிள்ளைக்குப் பெரும்பாலும் முதற்பெயர் மட்டும்தான் எழுதுவார்கள். பிற்சேர்க்கையாக உள்ள சொத்துப் பட்டியலையும் சாட்சிகளின் கையெழுத்தையும் விடாதீர்கள். சாட்சி பக்கத்துப் பண்ணைக்காரராக இருப்பார், மைத்துனராகவும் இருப்பார்.

உயில் இன்னொரு வலையையும் அறுக்கும். சொத்துக்காகப் பெயரை ஏற்றுக்கொள்வது உண்டு. அகராதி தொகுத்த வில்லியம் ஓவென் பியூ (1759–1835) பிறந்தபோது வில்லியம் ஓவென்தான். 1806இல் ஒரு சொத்து கைக்கு வந்த பிறகுதான் பியூ சேர்ந்தது. பெயரை மட்டும் பார்த்து அவரை ஏதோ ஒரு ஹியூவின் பேரன் ஆக்கினால் கதை கெட்டது.

குடும்பத்தின் கேடயச் சின்னம் என்று விற்பவர்களிடம் பணத்தை விடாதீர்கள். சின்னம் குறிப்பிட்ட ஒரு நபருக்கும் அவருடைய வாரிசுகளுக்கும் உரியது. ‘பியூக்களின் சின்னம்’ என்று ஒன்று கிடையாது.

பெயர் பயணப்பட்ட வழிகள்

இடப்பெயர்வைத் தேடும்போது முதலில் தொழிலைப் பாருங்கள். ஆட்கள் தொழிலின் பின்னால்தான் போனார்கள். மெரியோனெத்தின் பண்ணை ஆட்கள் பிளைனாய் ஃபெஸ்டினியோக், காரிஸ் சிலேட்டுக் குவாரிகளுக்குப் போனார்கள். தெற்கே ரோந்தா பள்ளத்தாக்குகளில் 1851இல் இரண்டாயிரத்துக்கும் குறைவானவர்களே இருந்தார்கள். நிலக்கரி வந்தபின் 1911இல் ஒன்றரை லட்சத்தைத் தாண்டியது. ரோந்தாவில் ஒரு பியூவைக் கண்டால் அங்கேயே வேரைத் தேட வேண்டாம். 1881, 1891 கணக்கெடுப்பில் பிறந்த பங்கைப் பார்த்து வடக்கே திரும்புங்கள். லிவர்பூலில் வேல்ஸ் கட்டுமானக்காரர்கள், லண்டனில் கார்டிகன்ஷயர் பால் வியாபாரிகள் என்று இங்கிலாந்துக்குள்ளேயே பெரிய கிளைகள் உண்டு.

அமெரிக்காவுக்குப் போன முதல் பெரிய அலை க்வேக்கர்கள். 1682 முதல் மெரியோனெத் பகுதியிலிருந்து பென்சில்வேனியா போய் மெரியன், ஹேவர்ஃபோர்டு, ராட்னர் என்ற குடியிருப்புகளை அமைத்தார்கள். டோல்கெத்லாய் அருகே வாழ்ந்த எலிஸ் பியூ 1687இல் அங்கே போனார். அவர் எழுதிய வேல்ஸ் மொழி நூல் 1721இல் ஃபிலடெல்ஃபியாவில் அச்சானது. இந்த அலைக்கு க்வேக்கர் வழிபாட்டுக் கூட்டங்களின் இடமாற்றச் சான்றுகள்தான் முதல் ஆதாரம்: எந்தக் கூட்டத்திலிருந்து எந்தக் கூட்டத்துக்கு என்று அதில் இருக்கும். 17ஆம் நூற்றாண்டில் போனவர்களின் பெயர் அமெரிக்காவில்தான் உறைந்தது என்பதையும் மனதில் வையுங்கள். ஊரில் தங்கிய அண்ணன் தம்பி பிள்ளைகள் அதன்பின் ஒரு நூற்றாண்டு வேறு வேறு பெயர்களில் இருந்திருப்பார்கள்.

19ஆம் நூற்றாண்டில் சிலேட்டுக்காரர்கள் வெர்மான்ட் மாநில ஃபேர் ஹேவன், நியூயார்க் மாநில க்ரான்வில் பக்கம் போனார்கள், சுரங்கக்காரர்கள் ஸ்க்ரான்டனுக்கு, விவசாயிகள் ஓஹையோவின் ஜாக்சன், கேலியா கவுண்டிகளுக்கு. 1890இல் அமெரிக்கா விதித்த மக்கின்லி இறக்குமதி வரிக்குப் பின் த்லனெத்லி, ஸ்வான்சீ தகரத் தகடு ஆட்கள் வேலை தேடிக் கப்பலேறினார்கள். அமெரிக்கக் கணக்கெடுப்பில் 1850இலிருந்துதான் வீட்டிலுள்ள எல்லோருடைய பெயரும் வரும். குடிவந்த ஆண்டு 1900இல். பிறந்த இடம் ‘இங்கிலாந்து’ என்று இருந்தால் உடனே ஒதுக்கிவிடாதீர்கள். வேல்ஸ்காரரையும் அப்படி எழுதியிருப்பார்கள்.

பங்கின் பெயரும் பண்ணையின் பெயரும் கிடைக்க மிகச் சிறந்த இடம் இரங்கல் குறிப்பு. 1851இல் தொடங்கிய ‘அ ட்ரீஹ்’ போன்ற அமெரிக்க வேல்ஸ் பத்திரிகைகள், இறந்தவர் எந்தப் பண்ணையில் பிறந்தார், யாருடைய மகன், எந்தச் சேப்பலில் உறுப்பினர் என்றெல்லாம் எழுதின. வேல்ஸ் பக்கத்தில், தேசிய நூலகத்தின் பழைய செய்தித்தாள் தளத்தில் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பக்கங்கள் இலவசமாக உள்ளன. அங்கே பெயரைப் போட்டுத் தேடாதீர்கள்; பண்ணையின் பெயரைப் போடுங்கள்.

படகோனியா தனிக்கதை. 1865 மே மாதம் லிவர்பூலிலிருந்து புறப்பட்ட ‘மிமோசா’ கப்பல் ஜூலை 28 அன்று அர்ஜென்டினாவில் கரை சேர்ந்தது; பயணிகள் சுமார் 150 பேர்தான், அவர்களின் பட்டியல் நன்றாக ஆராயப்பட்டிருக்கிறது. அன்றைய ரஷ்யப் பேரரசுக்குப் போனவர்களைத் தேட வேண்டிய இடம், மெர்த்திர் டிட்விலில் பிறந்த ஜான் ஹியூஸ் 1870 வாக்கில் தொடங்கிய யூசோவ்கா நகரம், இன்றைய டோனெட்ஸ்க். அது பற்றிய ஆவணத் தொகுப்பு கார்டிஃப்பிலுள்ள கிளமோர்கன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது.

இணைப்பு சரிதானா என்று சோதிப்பது

கடல் கடந்த பியூவுக்கும் ஊரிலுள்ள பியூவுக்கும் முடிச்சுப் போடும்போது பெயரும் பிறந்த ஆண்டும் பொருந்துவது போதாது. அந்தப் பங்கில் அதே வயதில் இருந்த எல்லா ஹியூ பியூக்களையும் பட்டியலிடுங்கள். ஒவ்வொருவரையும் அவர் இறக்கும்வரை அல்லது வேறெங்கோ குடியேறும்வரை தொடருங்கள். நான்கு பேரில் மூவர் அதே ஊரில் புதைக்கப்பட்டிருந்தால், மிஞ்சியவர் உங்கள் ஆள் என்பதற்கு அப்போதுதான் பலம். குழந்தைப் பருவத்திலேயே இறந்தவரைக் கப்பலேற்றிவிடுவது நாம் அடிக்கடி பார்க்கும் பிழை. ஞானஸ்நானத்துக்குப் பின் வரும் ஐந்தாண்டு புதைப்புப் பதிவுகளைப் பார்த்தாலே அதைத் தவிர்க்கலாம்.

ஆண்வழி டிஎன்ஏ சோதனை செய்வதானால் குறைந்தது 37 குறிகள் (டிஎன்ஏவில் ஒப்பிட்டுப் பார்க்கும் இடங்கள்) உள்ள சோதனையை எடுங்கள். இரண்டு பியூக்கள் பொருந்தவில்லை என்றால் ஆச்சரியம் இல்லை. வெவ்வேறு ஹியூக்களின் வாரிசுகள், அவ்வளவுதான். மாறாக, ஒரு பியூ ஒரு ரீஸோடும் ஓர் எவன்ஸோடும் நெருக்கமாகப் பொருந்தினால் அதைப் பிழை என்று தள்ளாதீர்கள். பெயர் உறைவதற்கு முன் பிரிந்த கிளைகள் அப்படித்தான் வரும். அவர்களுடைய பண்ணைப் பெயரைக் கேட்டு வாங்கி, உங்கள் நான்காவது பத்தியோடு ஒப்பிடுங்கள்.